1851 கோல்ட் நேவி ரிவால்வர், "எல்லா நம்பரும் மேட்ச்"னு சொல்றாரு டீலர், வாங்கலாமா?

கொங்கு_பென்சில்வேனியா:

வணக்கம் மக்களே. இங்க நாணயம், ஸ்டாம்ப், பழைய கேமரான்னு சேக்குறவங்க நிறைய பேர் இருக்கீங்க, பழைய துப்பாக்கி சேக்குறவங்களும் ரெண்டு மூணு பேராவது இருப்பீங்கன்னு நம்பி கேக்குறேன். நான் இருக்குறது பென்சில்வேனியா, கெட்டிஸ்பர்க் பக்கம்தான், பசங்கள கூட்டிட்டு அடிக்கடி போய்ப் போய் அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து சாமான் மேல பைத்தியம் பிடிச்சிருச்சு. பட்டன், பெல்ட் பக்கிள், ஈயக்குண்டுன்னு சின்னதா வாங்கிட்டிருந்தேன், இப்ப ஒரு பெர்க்கஷன் ரிவால்வர் வாங்கலாம்னு ஆசை. தோட்டா போடுற ரகம் இல்ல, கருமருந்தும் குண்டும் தனித்தனியா அடைச்சு பின்னாடி செப்புத் தொப்பி மாட்டி சுடுற ரகம்.

ஒரு ஷோல ஒரு டீலர்கிட்ட 1851 கோல்ட் நேவி பாத்தேன், .36 காலிபர். 2,800 டாலர் சொல்றாரு. ஃபிரேம், ட்ரிகர் கார்டு, பட் ஸ்ட்ராப், பேரல் நாலுலயும் ஒரே நம்பர், 146-ல ஆரம்பிக்கிற ஆறு இலக்கம். சிலிண்டர்ல கப்பல் சண்டை படம் அவ்ளோ தெளிவா இருக்கு, பாய்மரம்கூட எண்ணலாம். பேரல், ஃபிரேம் எல்லாம் ஒரே மாதிரி நல்ல கருநீலம். பித்தளை ஸ்ட்ராப்புல இடுக்குல மட்டும் கொஞ்சம் வெள்ளி முலாம் மிச்சம் இருக்கு. பேரல் மேல சாமுவேல் கோல்ட் பேரும் ஹார்ட்ஃபோர்டுன்னு ஊர் பேரும் இருக்கு. வெட்ஜ்ல (பேரல ஃபிரேமோட பிடிச்சு வைக்குற ஆப்பு) மட்டும் நம்பர் இல்ல, அது தொலைஞ்சு மாத்தினதா இருக்கும்னு அவரே சொல்லிட்டாரு, ஒளிக்காம சொல்றாரேன்னு எனக்கு அவர் மேல நம்பிக்கையே வந்துச்சு.

கேள்வி இதுதான். விலை சரியா? லைசென்ஸ் ஏதாவது வேணுமா? பின்னாடி ஊருக்கு, கோயமுத்தூருக்கு, எடுத்துட்டு போக முடியுமா? வீட்டம்மா "இதுக்கு நகை வாங்கியிருக்கலாம்"னு ஆரம்பிச்சுட்டாங்க, அதனால முடிவ கொஞ்சம் சீக்கிரம் எடுக்கணும்.


பழைய_இரும்பு:

தம்பி, பணம் குடுத்துடாதீங்க, அட்வான்ஸ்கூட வேணாம். நீங்க எழுதினதுலயே மூணு இடம் இடிக்குது.

முதல் இடம் பேரல் மேல இருக்குற முகவரி. கோல்ட் நேவி 1850-லேர்ந்து 1873 வரைக்கும் ஹார்ட்ஃபோர்டுல சுமார் 2,15,000 செஞ்சாங்க, அவ்ளோ வருஷத்துல பேரல் மேல அடிக்கிற வாசகம் மூணு விதமா வந்துச்சு. ஏறக்குறைய 74,000-ம் நம்பர் வரைக்கும் சாமுவேல் கோல்ட், நியூயார்க் சிட்டின்னு இருக்கும். அதுக்கப்புறம் சுமார் 1,01,000 வரைக்கும் ஹார்ட்ஃபோர்டு, கனெக்டிகட். அதுக்கு மேல கடைசி வரைக்கும் கர்னல் சாமுவேல் கோல்ட், நியூயார்க், யு.எஸ். அமெரிக்கா. இத்தனைக்கும் அந்த மனுஷன் 1862 ஜனவரியிலயே செத்துப் போயாச்சு, ஆனா பேர் மட்டும் பேரல்ல அடிச்சுட்டே இருந்தாங்க. இப்ப உங்க நம்பர் 146 ஆயிரம், அது 1863-ல செஞ்சது. கெட்டிஸ்பர்க் சண்டை நடந்த அதே வருஷம், டீலர் அதையும் சொல்லி ஆசை காட்டியிருப்பாரே? 1863 துப்பாக்கில ஹார்ட்ஃபோர்டு முகவரி வரக்கூடாது. அந்தப் பேரல் 1858 வாக்குல செஞ்ச வேற ஒரு துப்பாக்கியோடது. மாறினது மாறின சமயத்துல ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன கலந்திருக்கலாம், ஆனா நாப்பத்தஞ்சாயிரம் நம்பர் தாண்டி வராது. அப்படின்னா அந்தப் பேரல்ல 146-னு நம்பர் எப்படி வந்துச்சு? யாரோ பழைய நம்பர அரச்சு எடுத்துட்டு புதுசா அடிச்சிருக்காங்க.

ரெண்டாவது அந்த கருநீலம். கோல்ட் ஃபேக்டரில பேரலுக்கும் சிலிண்டருக்கும்தான் நீலம். ஃபிரேம், ஹேமர் (தொப்பிய தட்டுற சுத்தியல்), லோடிங் லிவர் (குண்ட அழுத்தி அடைக்கிற நெம்புகோல்) மூணும் கேஸ் ஹார்டனிங், அதாவது எலும்புக்கரி மாதிரி கரிப்பொருளோட சூடு பண்ணி தண்ணில விட்டு எடுக்குறது, அதுல சாம்பலும் நீலமும் பழுப்புமா கலந்து மேகம் மாதிரி நிறம் வரும். நூத்தி அறுபது வருஷத்துல அது மங்கி வெள்ளியா சாம்பலா ஆயிருக்கலாம், ஆனா கருநீலமா மாறவே மாறாது. ஃபிரேமும் பேரலும் ஒரே நிறம்னா பின்னாடி யாரோ மொத்தமா நீலம் ஏத்தியிருக்காங்க. ஏத்துறதுக்கு முன்னாடி பஃபிங் வீல்ல பிடிச்சிருப்பாங்க, பேரலோட எட்டுப்பட்டை விளிம்ப விரல் வச்சு தடவிப் பாருங்க, கத்தி மாதிரி இருக்கணும், மழுங்கி இருந்தா கதை முடிஞ்சது. ஸ்க்ரூ இருக்குற ஓட்டைய சுத்தி லேசா குழிஞ்சிருக்கும், எழுத்தோட ஓரம் ஒரு பக்கமா இழுத்த மாதிரி இருக்கும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது, அந்த கப்பல் படம். அது கையால வெட்டினது இல்ல, ஆர்ம்ஸ்பின்னு நியூயார்க்ல பேங்க் நோட்டுக்கு அச்சு வெட்டுற ஆள் செஞ்ச உருளைய சிலிண்டர் மேல அழுத்தி உருட்டினது. 1843 மே 16-ம் தேதி மெக்சிகோ கடல்ல காம்பெச்சே பக்கம் டெக்சாஸ் கப்பற்படைக்கும் மெக்சிகோ கப்பற்படைக்கும் நடந்த சண்டை, அந்தத் தேதியும் சிலிண்டர்லயே இருக்கும் பாருங்க. நேவின்னு பேர் வந்தது அந்தப் படத்தாலன்னு சொல்லுவாங்க, இந்தத் துப்பாக்கிய கரையில இருந்தவன்தான் அதிகம் வச்சிருந்தான். விஷயம் என்னன்னா அந்த உருட்டு ரொம்ப மேலோட்டம். உறைக்குள்ள போட்டு எடுத்தாலே தேயும். பஃபிங் பண்ணி விளிம்பு மழுங்கின துப்பாக்கில படம் மட்டும் பாய்மரம் எண்ணுற அளவுக்கு நிக்குதுன்னா ஒண்ணு சிலிண்டர் வேறதோடது, இல்ல இத்தாலி ரெப்ளிகா சிலிண்டர், இல்ல படத்த மறுபடி உருட்டியிருக்காங்க. நிப்பிள், அதாவது செப்புத் தொப்பி மாட்டுற முனை, அத சுத்தி பாருங்க. அந்தக் காலத்து தொப்பில பாதரச ஃபல்மினேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்திருக்கும், சுட்டதும் தங்குற உப்பு காத்துல ஈரத்த இழுத்து இரும்ப தின்னும். அதனால உண்மையிலயே சுட்ட சிலிண்டர்ல நிப்பிள் பக்கம் அம்மைத் தழும்பு கணக்கா குழி குழியா இருக்கும். முன்னாடி கப்பல் புதுசு, பின்னாடி நிப்பிள் பக்கம் வழவழன்னு இருந்தா யோசிங்க.

சிலிண்டர் நம்பர் நீங்க எழுதவே இல்ல, கவனிச்சீங்களா? நாலு இடம்னு டீலர் சொன்னத அப்படியே எழுதியிருக்கீங்க. சிலிண்டர்ல கடைசி நாலு இலக்கம் இருக்கும், வெட்ஜ்லயும் அப்படித்தான். வெட்ஜ் தொலையறது சகஜம், அத அவரு ஒத்துக்கிட்டதுல பெரிய நேர்மை ஒண்ணும் இல்ல. சின்ன குறைய தானா சொல்றவர்கிட்ட பெரிய குறைய நாம தேட மாட்டோம், அது வியாபாரம்.

இன்னொண்ணு, இத முதல்லயே சொல்லியிருக்கணும். கையில எடுக்குறதுக்கு முன்னாடி சிலிண்டரோட முன்வாய் ஆறையும் டார்ச் அடிச்சு பாருங்க, உள்ள ஈயம் தெரியுதான்னு. நூத்தம்பது வருஷமா அடைச்சபடியே கிடக்குற ரிவால்வர் இப்பவும் பரண்லேர்ந்து வருது. கருமருந்து காஞ்சு கிடந்தா வீரியம் போகாது. ஈயம் தெரிஞ்சா நோண்டாதீங்க, தெரிஞ்ச கன்ஸ்மித்கிட்ட குடுங்க.


லண்டன்_தவராசா:

இஞ்ச லண்டனில இருந்து எழுதுறன். பழைய_இரும்பு அண்ணை சொன்னது எல்லாம் சரி, நான் பிரிட்டிஷ் பக்கத்தை கொஞ்சம் சொல்லுறன், ஏனெண்டால் அமெரிக்காவில இருக்கிற ஆக்கள் எப்பவும் கோல்ட் கோல்ட் எண்டே நிக்கினம்.

1851-ல லண்டனில நடந்த பெரிய கண்காட்சிக்கு கோல்ட் தன்ர ரிவால்வருகளை அடுக்கி வைக்க, அதே வருசம் ராபர்ட் அடம்ஸ் எண்ட லண்டன் ஆள் தன்ர ரிவால்வருக்கு பேட்டண்ட் எடுத்தார். ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் யோசனையே வேற. கோல்டின்ர ஃபிரேமுக்கு மேல்பக்கம் திறந்து கிடக்கும், பேரலை ஒரு வெட்ஜ் மட்டும்தான் பிடிச்சு வைச்சிருக்கும். அடம்ஸ்ல பேரலும் ஃபிரேமும் ஒரே இரும்பில அடிச்சது, ஆடாது அசையாது. ஆனால் அடம்ஸின்ர ஹேமரில பெருவிரல் வைக்க இடமே இல்லை, விசையை இழுத்தால் தானே எழும்பி தானே விழும். கிட்டத்தில சண்டை பிடிக்கேக்க அது வேகம், தூரத்தில குறி பார்க்கிறதுக்கு கஷ்டம். பிறகு ராயல் எஞ்சினியர்ஸில இருந்த பியூமண்ட் எண்ட லெப்டினன்ட் ரெண்டு மாதிரியும் சுடக்கூடிய மாதிரி திருத்தி எழுத, 1856-ல பிரிட்டிஷ் ராணுவம் பியூமண்ட்-அடம்ஸை எடுத்துக்கொண்டது. கோல்ட் தேம்ஸ் கரையில பிம்லிகோவில 1853-ல திறந்த ஃபேக்டரி கொஞ்ச வருசத்திலயே மூடுப்பட்டுப் போச்சு. அங்க சுமார் 42,000 நேவி செய்தவை, பேரலில லண்டன் முகவரியும் பிரிட்டிஷ் ப்ரூஃப் முத்திரையும் (சுட்டுச் சோதிச்சதுக்கு அடிக்கிற முத்திரை) இருக்கும், சீரியல் நம்பர் ஹார்ட்ஃபோர்டோட சேராது, தனி வரிசை. அதை அமெரிக்க நம்பர் அட்டவணையில வைச்சுப் பார்த்து குழம்புற ஆக்கள் இருக்கினம்.

எனக்குப் பிடிச்சது ட்ரான்டர். பர்மிங்ஹாம் ஆள் வில்லியம் ட்ரான்டர் செய்த ரெட்டை விசை ரிவால்வர், கீழ் விசையை இழுத்தால் ஹேமர் எழும்பும், மேல் விசையைத் தொட்டால் வெடிக்கும். கையில பிடிச்சுப் பார்த்தால்தான் அந்த மூளை விளங்கும். எங்கட பக்கத்துக்கு ஒரு தொடர்பு எண்டால், அந்தக் காலத்தில இந்தியாவுக்கு போற பிரிட்டிஷ் ஒஃபிசர்மார் தங்கட ரிவால்வரை தங்கட காசில வாங்கிக்கொண்டு போனவை, 1857 சண்டையில அடம்ஸ், ட்ரான்டர், கோல்ட் மூண்டும் இருந்தது. கல்கத்தா ரோடா கொம்பனி மாதிரி இந்தியக் கடைக்காரற்ற பேர் வெட்டின துவக்குகள் இப்பவும் இஞ்ச ஏலத்துக்கு வரும். அளவும் இஞ்ச வேற கணக்கு, 54 போர் எண்டால் ஒரு இறாத்தல் ஈயத்தில 54 குண்டு வாற அளவு, .442 அங்குலம் மட்டில வரும்.

சட்டம்: இஞ்ச 1968 ஃபயர்ஆர்ம்ஸ் சட்டத்தின்ர 58(2) பிரிவின்படி, அலங்காரத்துக்கும் அபூர்வப் பொருளாவும் வைச்சிருக்கிற பழம் துவக்குக்கு சான்றிதழ் தேவையில்லை. 2021-ல எது பழம்பொருள் எண்டு விதியும் எழுதிப்போட்டினம், பெர்க்கஷன் ரகம் அதுக்குள்ள வரும். ஆனால் சுட வெளிக்கிட்டியள் எண்டால் அந்த விலக்கு போச்சு, சான்றிதழ் எடுக்க வேணும். நான் சுடுறதில்லை, பார்க்கிறதோட சரி.


வக்கீல்_குமாஸ்தா:

அமெரிக்கா சட்டம் எனக்கு ரொம்ப தெரியாது, பொதுவா 1968 கன் கண்ட்ரோல் சட்டப்படி 1898-லயோ அதுக்கு முன்னயோ செஞ்சது ஆன்டிக், மத்திய அரசு லைசென்ஸ் ஃபார்ம் எதுவும் வேணாம். ஆனா ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், நீங்க இருக்குறதுக்கு பக்கத்துலயே நியூ ஜெர்சில கறாரா இருப்பாங்க, துப்பாக்கிய கார்ல போட்டுட்டு பாலம் தாண்டறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கங்க.

கோயமுத்தூர் விஷயத்துக்கு வர்றேன். வேணாம் சார். நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டம் 45-வது பிரிவுல ஒரு விலக்கு இருக்குதான், பழங்கால மதிப்புள்ள, வழக்கொழிஞ்ச, பழுதான ஆயுதத்துக்கு. ஆனா அதுலயே ஒரு கொக்கி, ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் சுடவே முடியாத நிலையில இருக்கணும். உங்க கோல்ட் நேவி நல்லா வேலை செய்யுற கண்டிஷன்ல இருக்குறதாலதான் 2,800 டாலர், அப்போ விலக்கு பொருந்தாது. ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் ஆபீசர்கிட்ட நின்னு "சார் இது 1863 சார், கேம்பெச்சே சண்டை சார்"னு வகுப்பு எடுக்க முடியுமா? துப்பாக்கியும் போகும், கேஸும் வரும்.

வீட்டுப் பரண்ல தாத்தா காலத்து ரிவால்வர் இருக்குன்னு அடிக்கடி இங்க யாராவது கேக்குறாங்க, அவங்களுக்கும் சேத்து சொல்றேன். லைசென்ஸ் இருந்துச்சான்னு பழைய பேப்பர தேடுங்க, வக்கீல் வச்சு எழுத்துல குடுத்து ஒப்படைக்கிற வழிய பாருங்க. ஆன்லைன்ல போட்டோ போட்டு "என்ன விலை போகும்"னு கேக்காதீங்க. நூறு வருஷம் தாண்டின பொருள்னா 1972 தொல்பொருள் சட்டமும் உள்ள வரும், வெளிநாட்டுக்கு அனுப்பி வித்துடலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க. பாக்கணும்னு ஆசையா இருந்தா எழும்பூர் மியூசியத்துல ஆயுதக் காட்சிக்கூடம் இருக்கு, தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களும் அங்க இருக்கு, டிக்கெட் செலவோட முடிஞ்சிடும்.


நெல்லைக்_காத்து:

எல்லாம் சரி, மனுசன சுட்டுக் கொன்ன சாமான காசு குடுத்து வாங்கி வரவேற்பறைல மாட்டணுமாக்கும்? என்ன ரசனையோ போங்க.


பழைய_இரும்பு:

நெல்லை, கேக்க வேண்டிய கேள்விதான், நான் மழுப்ப மாட்டேன். கான்ஃபெடரேட் தரப்புல, அதாவது உள்நாட்டுப் போர்ல தெற்கு மாநிலங்கள் பக்கம், ஜார்ஜியா மாநிலம் கிரிஸ்வோல்ட்வில்னு ஒரு ஊர்ல பஞ்சு மெஷின் செய்யுற ஃபேக்டரிய மாத்தி கோல்ட் நேவிய காப்பியடிச்சு ரிவால்வர் செஞ்சாங்க, சுமார் 3,700 செஞ்சிருப்பாங்க. நல்ல இரும்பு தட்டுப்பாடு, அதனால ஃபிரேம் பித்தளை. அங்க வேலை செஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். தன்னை அடிமையா வச்சிருக்கறதுக்காக நடக்குற போருக்கு தன் கையாலயே துப்பாக்கி செய்ய வச்சிருக்காங்க. 1864 நவம்பர்ல வடக்குக் குதிரைப்படை வந்து ஃபேக்டரிய கொளுத்துச்சு. அந்த ரிவால்வர் ஒண்ண கண்ணாடிக்குப் பின்னாடி பாத்தப்போ எனக்கு பெருமை எதுவும் வரல, வயித்த பிசைஞ்சது. அந்தப் பொருள் இல்லன்னா அந்தக் கதைய இந்த அளவுக்கு நான் தேடிப் படிச்சிருக்க மாட்டேன். உங்களுக்கு அது காரணமா படலன்னா அதுவும் நியாயம்தான்.

வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை, பித்தளை ஃபிரேம் போட்ட "கோல்ட் நேவி"ய யாராவது காட்டினா அது கோல்ட் செஞ்சது இல்ல, கோல்ட் நேவிய பித்தளை ஃபிரேம்ல செஞ்சதே கிடையாது. ஒண்ணு கான்ஃபெடரேட், அது லட்சத்துல ஒண்ணு. இல்ல 1950-கள் கடைசிலேர்ந்து இத்தாலில கார்தோனே பக்கம் செய்யுற ரெப்ளிகா, அதுதான் நூத்துக்கு தொண்ணூத்தொம்பது. சுட்டு விளையாட ரெப்ளிகா நல்ல சாமான், ஊபெர்ட்டி, பியெட்டா எல்லாம் ஒழுங்கா செய்யுறாங்க. அத வாங்கி இத்தாலி ப்ரூஃப் முத்திரைய அரச்சுட்டு, ஆசிட்ல முக்கி, மண்ணுல புதைச்சு எடுத்து கான்ஃபெடரேட்னு விக்கிற கூட்டம்தான் பிரச்சனை. முத்திரை இருந்த இடத்துல இரும்பு பள்ளமா இருக்கும், கண்ண மூடிட்டு விரல் வச்சாலே தெரியும்.


கொங்கு_பென்சில்வேனியா:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை திரும்ப போய் பாத்துட்டு வந்தேன், டீலர் முகம் கொஞ்சம் மாறுச்சு டார்ச்ச எடுத்ததும்.

நல்லவேள உள்ள குண்டு எதுவும் இல்ல. பேரல்ல நம்பர் இருக்குற இடத்துல லைட்ட சாய்ச்சு அடிச்சா லேசா குழி தெரியுது. 146-ல இருக்குற 4-ம் ஃபிரேம்ல இருக்குற 4-ம் ஒரே மாதிரி இல்ல, பேரல்ல இருக்குற 4 வாய் மூடியிருக்கு, ஃபிரேம்ல வேற மாதிரி. சிலிண்டர் நம்பர் கடைசி நாலு இலக்கம் சுத்தமா வேற. கேட்டா "போர் சமயத்துல சிப்பாய்ங்க மொத்தமா கழட்டி கழுவும்போது மாறியிருக்கும், அதுவும் வரலாறுதானே"ன்னு சொல்றாரு. கடைசில 1,900-க்கு தர்றேன்னு இறங்கினாரு. வரலாறுன்னு சொன்னது உண்மையா இருக்கலாமா?

இன்னொரு டீலர்கிட்ட ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி .44 ஒண்ணு இருக்கு, பாக்க அழகில்ல, நீலம் எல்லாம் போய் பழுப்பா இருக்கு, கைப்பிடில யாரோ ரெண்டு எழுத்து கீறியிருக்கான். இது 1858 ரெமிங்டன்னு சொல்றாரு, போருக்கு முன்னாடியே செஞ்சதா?


பழைய_இரும்பு:

சிப்பாய்ங்க கழட்டி மாத்தி மாட்டினது உண்மைதான், ராணுவக் கிடங்குல ரிப்பேர் பண்ணும்போதும் கலந்துச்சு. சிலிண்டர் வேற நம்பரா இருந்தா நான் அந்தக் கதைய பாதி நம்புவேன். ஆனா சிப்பாய் பேரல் நம்பர அரச்சு எடுத்து ஃபிரேம் நம்பர உளி வச்சு அடிக்க மாட்டான், அவனுக்கு அது எதுக்கு? நம்பர் சேரணும்ங்கற ஆசை சேகரிக்கிறவன் வந்ததுக்கு அப்புறம் வந்தது. கலந்து கிடக்குற துப்பாக்கிய கலந்ததுன்னு சொல்லி வித்தா குறைஞ்ச விலைக்கு தாராளமா வாங்கலாம், சேந்த மாதிரி வேஷம் போட்டத 1,900-க்கு என்ன 900-க்கும் நான் வாங்க மாட்டேன், நாளைக்கு நீங்க விக்கும்போது அந்த பொய்ய நீங்க சொல்லணும்.

ஃபேக்டரி லெட்டர், அதாவது பழைய ரெக்கார்ட பாத்து கோல்ட் கம்பெனி எழுதித் தர்ற சான்று, கேக்கலாமேன்னு அடுத்து யாராவது சொல்லுவாங்க. 1864 பிப்ரவரில ஹார்ட்ஃபோர்டு ஃபேக்டரில பெரிய தீ விபத்து, ரெக்கார்டு நிறைய போச்சு, எல்லா நம்பருக்கும் லெட்டர் கிடைக்காது. கிடைச்சாலும் அது ஃபிரேமோட பிறப்புச் சான்றிதழ்தான், பேரல பத்தி ஒண்ணும் சொல்லாது.

ரெமிங்டன் எனக்கு பிடிச்சிருக்கு, நீங்க சொன்ன வர்ணனைலயே. 1858-ங்கறது பேரல் மேல அடிச்ச பேட்டண்ட் தேதி, 1858 செப்டம்பர் 14, பீல்ஸ்ங்கறவர் வாங்கினது. செஞ்ச வருஷம் இல்ல. நியூ மாடல் 1863-லதான் ஆரம்பிச்சது, 1875 வரை நியூயார்க் மாநிலம் இலியன்ல 1,20,000-க்கு மேல செஞ்சாங்க. கோல்ட் மாதிரி மேல திறந்து கிடக்காது, சிலிண்டருக்கு மேல ஒரு பட்டை ஓடும், கெட்டி. சிலிண்டர் பின்பக்கம் நிப்பிளுக்கு நிப்பிள் நடுவுல சின்ன வெட்டு இருக்கும், ஹேமர் அதுல உக்காரும், அதனால ஆறு அறையும் நிரப்பிட்டே இடுப்புல வச்சுக்க முடிஞ்சது. பழுப்பு நிறம் பழுப்பாவே இருக்கட்டும், அதுதான் அதோட வயசு. கைப்பிடில கீறின ரெண்டு எழுத்த டீலர் "ஜெனரல் யாரோ"ன்னு சொல்லாத வரைக்கும் நல்லது, சொன்னா பேப்பர் காட்ட சொல்லுங்க, பேப்பர் இல்லாத ஜெனரலுக்கு பத்து பைசா கூட தராதீங்க.

பாக்க வேண்டியது: லோடிங் லிவர கீழ இறக்கினா பேரலோட அடிப்பக்கம் நம்பர் தெரியும். கைப்பிடி மரத்த கழட்டினா ஃபிரேம்ல நம்பர் இருக்கும். ரெண்டும் சேரணும். அரசாங்கம் வாங்கினதுன்னா அங்கங்க சின்னச் சின்ன இன்ஸ்பெக்டர் எழுத்து இருக்கும், இடது கைப்பிடி மரத்துல முட்டை வடிவ முத்திரை லேசா அழிஞ்சிருந்தாலும் இருந்தா நல்லது. முத்திரை ரொம்ப பளிச்சுன்னு இருந்து மரத்தோட மீதி இடம் தேஞ்சிருந்தா அது நேத்து அடிச்சது. ஹேமர பின்னாடி இழுத்து சிலிண்டர் ஒவ்வொரு அறையிலயும் பூட்டுதான்னு பாருங்க, மெதுவா இறக்குங்க, வெறும் நிப்பிள் மேல டப்புன்னு விடாதீங்க. பேரலுக்குள்ள ரைஃபிளிங் (சுருள் வரி) தெரியுதான்னு பாருங்க, கொஞ்சம் குழி இருந்தா பரவால்ல.

பளபளன்னுதான் வேணும்னு வீட்ல சொன்னாங்கன்னா ரோஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர்னு ஒண்ணு இருக்கு. அரசாங்கம் 5,000 ஆர்டர் குடுத்துச்சு, 1865-ல டெலிவரி வர்றதுக்குள்ள போர் முடிஞ்சிருச்சு, கிடங்குல கிடந்து 1901-ல பேனர்மேன்ங்கற ராணுவ சாமான் வியாபாரி மொத்தமா வாங்கினார். யாரும் சுடல, யாரும் உறைல போடல, அதனால இன்னைக்கும் புதுசு கணக்கா வருது. அழகு நிச்சயம், ஆனா சண்டைய பாக்காத துப்பாக்கி, கெட்டிஸ்பர்க் பைத்தியத்துக்கு அது ஒத்து வராது. கோல்ட்டோட பழைய மாடல் வாக்கர், பேட்டர்சன்லாம் கனவுல பாத்துக்கங்க, 1847 வாக்கர் மொத்தமே 1,100 மாதிரிதான் செஞ்சாங்க, பெட்டியோட இருந்த ஒண்ணு 2018 ஏலத்துல 18,40,000 டாலருக்கு போச்சு.


லண்டன்_தவராசா:

ரெமிங்டனை வாங்கினால் ஒண்டும் தேய்க்காதேங்கோ. பித்தளை பொலிஷ், உப்புக்கடதாசி, வீட்டில இருக்கிற புளி, ஒண்டும் வேண்டாம். லேசான மெஷின் எண்ணெய் துணியில தொட்டு துடைச்சுப்போட்டு, மியூசியக்காரர் பாவிக்கிற மைக்ரோ கிறிஸ்டலின் மெழுகை மெல்லிசா பூசிவிடுங்கோ. தோல் உறைக்குள்ள வைச்சுப் பூட்டி வைக்காதேங்கோ, தோல் பதனிடுற அமிலமும் ஈரமும் சேர்ந்து ஒரு பக்கம் முழுக்க கறள் ஏறிப்போடும். கையுறை போட்டுத் தூக்குங்கோ, வியர்வை உப்பும் கறள்தான்.


கொங்கு_பென்சில்வேனியா:

கோல்ட் டீலர்கிட்ட வேணாம்னு மெசேஜ் போட்டாச்சு, "உங்களுக்கு புரியல"ன்னு பதில் வந்துச்சு, விட்டுட்டேன். ரெமிங்டன் டீலர் கைப்பிடி மரத்த கழட்டி காட்ட ஒத்துக்கிட்டாரு, அவரே ஸ்க்ரூட்ரைவர் கொண்டு வர்றாராம். 1,400 சொல்றாரு. லென்ஸ் எந்த பவர் வாங்கணும்?


பழைய_இரும்பு:

நகைக்கடைக்காரங்க வச்சிருக்குற பத்து மடங்கு லூப் போதும், அதுக்கு மேல போனா எல்லாமே குழியாத்தான் தெரியும். ஸ்க்ரூட்ரைவர் நுனி அந்த ஸ்க்ரூ வெட்டுக்கு சரியா உக்காருதான்னு பாத்துட்டு அப்புறம் திருப்ப சொல்லுங்க, பழைய ஸ்க்ரூ வெட்டு மெல்லிசு, நம்ம கடைல கிடைக்கிற நுனி தடிமனா இருக்கும், வழுக்கினா ஸ்க்ரூ தலையும் ஃபிரேமும் சேந்து கீறும். 1,400 நியாயமா தெரியுது, நம்பர் ரெண்டும் சேந்தா பேரம் பேசாம எடுத்துக்கங்க, சேரலைன்னா போட்டோ மட்டும் எடுத்துட்டு இங்க போடுங்க பாக்கலாம்.